கம்பியைத் தொடாமல் மின்திறனை அளவிடுதல்: முழுமையான வழிகாட்டி

ஓர் இயந்திரமோ முழுக் கட்டடமோ எவ்வளவு மின்திறனை எடுத்துக்கொள்கிறது என்பதை அறிய, மின்சுற்றைத் துண்டித்து இடையில் ஒரு கருவியைப் பொருத்துவதே பழைய வழி. அதற்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கம்பியின் காப்புறையை உரிக்க வேண்டும், புதிய இணைப்புகளை இறுக்க வேண்டும். அந்த இணைப்புகள் ஒவ்வொன்றும் பின்னாளில் தளர்ந்து சூடேறக்கூடிய இடமாகவும் ஆகிவிடுகிறது. உலோகத்தைத் தொடாமலேயே அளக்கும் முறைகள் இந்தச் சிரமங்களைத் தவிர்க்கின்றன. ஆனால் ஒரு கிளாம்ப் மீட்டரை (தாடை போல் திறந்து கம்பியைக் கவ்வும் அளவுகருவி) வாங்கிக் கம்பியில் மாட்டினாலே வாட் கணக்குக் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. சாதாரணக் கிளாம்ப் மீட்டர் காட்டுவது மின்னோட்டத்தை மட்டுமே. மின்திறனை அறிய மின்னோட்டம் வேண்டும், மின்னழுத்தம் வேண்டும், இவ்விரண்டின் அலைகளுக்கும் இடையே எவ்வளவு கால விலகல் உள்ளது என்பதும் வேண்டும். பெரும்பாலான அளவீடுகள் பிழையாவது இந்த மூன்றாவது இடத்தில்தான் என்பதால், இவ்வழிகாட்டி அதற்கே கூடுதல் இடம் தருகிறது.

கணக்குகளுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அமைப்பை எடுத்துக்கொண்டுள்ளேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் எண்கள் மாறும், முறை மாறாது.

எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு

மாறுமின்னோட்டச் சுற்றில் ஒவ்வொரு கணத்திலும் உள்ள மின்னழுத்தத்தை அதே கணத்தின் மின்னோட்டத்தால் பெருக்கி, அப்பெருக்குத்தொகைகளுக்கு முழுச் சுழற்சிகளின் மீது சராசரி எடுத்தால் கிடைப்பதே மெய்த்திறன். மின்கட்டணம் கணக்கிடப்படுவதும், வெப்பமாகவோ வேலையாகவோ வெளிப்படுவதும் இதுவே. இதன் அலகு வாட். இதற்கு மாறாக, மின்னழுத்தத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பையும் (கண மதிப்புகளின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு, அதற்கு எடுத்த வர்க்கமூலம்) மின்னோட்டத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பையும் தனித்தனியே கண்டு பெருக்கினால் வோல்ட்-ஆம்பியரில் தோற்றத்திறன் கிடைக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது திறன் காரணி, அதாவது பவர் ஃபேக்டர்.

சுமை குறைவாக ஓடும் ஒரு மோட்டார் 4.2 ஆம்பியர் எடுப்பதாகக் கிளாம்ப் மீட்டர் காட்டுகிறது என்று கொள்வோம். 230 ஆல் பெருக்கினால் 966 வருகிறது. அந்த நேரத்தில் மோட்டாரின் திறன் காரணி 0.55 என்றால், மெய்த்திறன் ஏறத்தாழ 531 வாட் மட்டுமே. மின்னோட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தவர் 435 வாட் கூடுதலாகக் கணக்கிட்டிருப்பார். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் போன்ற தூய மின்தடைச் சுமையில் மட்டுமே இந்த எளிய பெருக்கல் சரியாக வரும்.

முதல் படி: தனிக்கம்பியைக் கண்டறிதல்

மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்பதை ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார். மாறும் காந்தப்பாயம் அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதை ஃபாரடே 1831-இல் காட்டினார். தொடாமல் அளக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு உண்மைகளின் மேல்தான் நிற்கின்றன. இதிலிருந்து நடைமுறைக்கான முக்கியமான ஒரு விதியும் கிடைக்கிறது: உணரி ஒரே ஒரு கடத்தியை மட்டுமே சூழ்ந்திருக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் ஒரே உறைக்குள் செல்லும் கேபிளை முழுதாகக் கவ்வினால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாகவும் எதிர்த்திசையிலும் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மீட்டர் பூச்சியம் காட்டும். அப்படிக் கவ்வியும் பூச்சியம் வராவிட்டால், போன மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேறு வழியில், பெரும்பாலும் எர்த் வழியாக, திரும்புகிறது என்று பொருள். கசிவு மின்னோட்டத்தைத் தேடுவோர் இந்தப் பண்பையே பயன்படுத்துகிறார்கள்.

தனித்த கம்பி கிடைக்கும் பொதுவான இடம் விநியோகப் பெட்டியின் உட்புறம். அப்பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்ற மின்பணியாளரின் வேலை. உணரி தொடாதது என்றாலும், மூடியைத் திறந்தவுடன் உயிருள்ள முனைகள் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும். பிளக்கில் செருகும் கருவியை அளப்பதற்குப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. லைன் ஸ்பிளிட்டர் என்ற சிறு இடைச்செருகியில், கடத்தி ஒருமுறை செல்லும் துளையும், பத்துச் சுற்றுச் சுற்றிய மற்றொரு துளையும் இருக்கும். இரண்டாவதில் கவ்வினால் மீட்டர் பத்து மடங்கு காட்டும் என்பதால், மிகச்சிறிய மின்னோட்டங்களையும் நம்பத்தக்க அளவில் படிக்கலாம். வாசிப்பைப் பத்தால் வகுக்க மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: உணரியைத் தேர்ந்தெடுத்தல்

மாறுமின்னோட்டத்திற்கு மிகுதியாகப் பயன்படுவது மின்னோட்ட மாற்றி, சுருக்கமாக சி.டி. பிளந்து திறக்கும் உள்ளகம் கொண்ட வகையைக் கம்பியின் மேல் மாட்டி மூடினால் போதும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் துணைச்சுருளுக்கு 2000 சுற்றுகள். கம்பியில் 100 ஆம்பியர் பாய்ந்தால் துணைச்சுருளில் 50 மில்லி ஆம்பியர் வரும். அதை மின்னழுத்தமாக மாற்ற, துணைச்சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே சுமைத்தடை ஒன்றை இணைக்க வேண்டும். 100 ஆம்பியர் ஆர்.எம்.எஸ். என்பது உச்சத்தில் 141.4 ஆம்பியர், துணைச்சுருளில் அது 70.7 மில்லி ஆம்பியர். 3.3 வோல்ட்டில் இயங்கும் மைக்ரோகன்ட்ரோலரின் (அலையை எண்களாகப் படித்துக் கணக்கிடும் சிறு சில்லு) உள்ளீட்டை நடுவில், அதாவது 1.65 வோல்ட்டில், நிறுத்தி வைத்தால், அலை இருபுறமும் 1.65 வோல்ட் வரை ஆட முடியும். எனவே தடையின் மதிப்பு 1.65 ÷ 0.0707, ஏறத்தாழ 23.3 ஓம்; கடையில் கிடைக்கும் 22 ஓம் பொருத்தமானது. சில சி.டி.க்களில் இத்தடை உள்ளேயே இருக்கும், அவை நேரடியாக 1 வோல்ட் போன்ற வெளியீட்டைத் தரும். அவற்றுக்கு வெளியில் இன்னொரு தடை சேர்த்தால் வாசிப்புக் குறைந்துவிடும்.

உள்தடையோ பாதுகாப்பு டயோடோ இல்லாத சி.டி.யின் துணைச்சுருளை, கம்பியில் மின்னோட்டம் பாயும்போது திறந்தநிலையில் விடவே கூடாது. அந்நிலையில் துணைச்சுருளின் முனைகளில் ஆபத்தான உயர் மின்னழுத்தம் எழும், பெரிய சி.டி.க்களில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் சுமைத்தடை, பிறகு கம்பியில் மாட்டுதல்; கழற்றும்போது முதலில் கம்பியிலிருந்து எடுத்தல், பிறகே தடையைத் தொடுதல் என்பதே மாறாத வரிசை.

தடித்த பஸ்பார்களுக்கும் (மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பட்டைகள்), நெருக்கமாகக் கட்டிய கம்பிக் கட்டுகளுக்கும் ரோகோவ்ஸ்கி சுருள் ஏற்றது. வளையும் குழாய் போன்ற அச்சுருளில் இரும்பு உள்ளகம் இல்லாததால், எவ்வளவு பெரிய மின்னோட்டத்திலும் காந்தச் செறிவு (உள்ளகம் அதற்குமேல் காந்தப்பாயத்தை ஏற்காமல் வாசிப்பைக் கெடுக்கும் நிலை) ஏற்படுவதில்லை. ஆனால் அது தருவது மின்னோட்டத்தை அன்று. மின்னோட்டம் மாறும் வேகத்தை. அதைத் திரும்ப மின்னோட்டமாக்கத் தொகையீட்டுச் சுற்று ஒன்று தேவை. சில ஆம்பியர் அளவுக்குக் கீழே அதன் சமிக்ஞை நலிந்துவிடும் என்பதால், வீட்டுக் கருவிகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேர்மின்னோட்டத்திற்கு இவ்விரண்டும் உதவா. அதற்கு, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி இயங்கும், காந்தப்புலத்தை நேரடியாக உணரும் ஹால் உணரி பொருத்திய கிளாம்ப் வேண்டும்.

மின்னோட்ட உணரியின் மதிப்பீட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஐ.இ.சி. 61010 தரநிலையில், மின்வழியில் திடீரென எழும் மிகை மின்னழுத்தத்தைத் தாங்கும் திறனைக் குறிக்க, விநியோகப் பெட்டிக்கு கேட் 3, கட்டடத்திற்குள் மின்சாரம் நுழையும் இடத்திற்கு கேட் 4 என்ற வகைப்பாடு உண்டு. காப்புறை இல்லாத உயிர்க்கம்பியிலும் மாட்டத் தகுந்தவை ஏ வகை. பி வகை அதற்கு உரியதன்று. கைக்குச் சிறிதாகவும் விலை குறைவாகவும் கிடைக்கும் பிளவு உள்ளக உணரிகளைக் காப்புறை முழுமையாக உள்ள கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும், அதுவும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

மூன்றாம் படி: சரியாகக் கவ்வுதல்

தாடைகள் சந்திக்கும் இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு தூசித் துகளோ துருவின் மெல்லிய படலமோ தாடைகளுக்கு இடையே நூலளவு காற்றிடைவெளியை உண்டாக்கிவிடும். இரும்பைவிடக் காற்றில் காந்தப்பாயம் செல்வது பன்மடங்கு கடினம் என்பதால், அந்த நூலளவு இடைவெளி வாசிப்பைக் குறைப்பதோடு கட்டக் கோணத்தையும் (மின்னழுத்த, மின்னோட்ட அலைகளின் கால விலகலைப் பாகையில் சொல்லும் அளவு) பெயர்த்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, முழுமையாக மூடி, மூடிய பின் ஒருமுறை லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மூடாத உள்ளகம் சுமையின்போது மெல்ல ரீங்காரமிடும்.

கம்பி தாடையின் நடுவில், தாடையின் தளத்திற்குச் செங்குத்தாக இருப்பது நல்லது. மிகுந்த மின்னோட்டம் செல்லும் வேறு கம்பிகளிலிருந்து கருவியைச் சற்று விலக்கி வைக்க வேண்டும். உணரியின் உடலில் உள்ள அம்புக்குறி மின்மூலத்திலிருந்து சுமையை நோக்கி இருக்கட்டும். ஆம்பியரை மட்டும் அளக்கும்போது திசை பொருட்டில்லை. திறனை அளக்கும்போது, தலைகீழாக மாட்டிய உணரி எதிர்க்குறியுடன் வாட் காட்டும். சூரியத் தகடுகள் பொருத்திய கட்டடங்களில் எதிர்க்குறி என்பது மின்சாரம் வெளியே செல்வதைக் குறிக்கும் என்பதால், திசையைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்ளாவிட்டால் வாசிப்பின் பொருளே மாறிவிடும்.

கைக்கருவியாக இருந்தால் அது மெய் ஆர்.எம்.எஸ். வகைதானா என்று பார்க்க வேண்டும். மலிவான மீட்டர்கள் அலையின் சராசரியைக் கண்டு, தூய சைன் அலைக்குரிய 1.11 என்ற காரணியால் பெருக்கிக் காட்டுகின்றன. எல்.இ.டி. விளக்கு, கணினி, வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் ஆகியவை மின்னோட்டத்தை அலையின் உச்சியில் மட்டும் குறுகிய துடிப்புகளாக உறிஞ்சுவதால், அத்தகைய மீட்டர் அவற்றில் மிகவும் குறைத்துக் காட்டும்.

நான்காம் படி: மின்னழுத்தத்தைப் பெறுதல்

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மின்னழுத்தத்தை மாறாத ஓர் எண்ணாக, 230 என்று, வைத்துக்கொள்வது. இதில் திறன் காரணியைக் கருதுவதற்கு வழியே இல்லை. மின்வழியில் ஏற்படும் ஏற்ற இறக்கமும் கணக்கில் வராது. எப்போது எந்த இயந்திரம் ஓடுகிறது என்று அறிய இது போதும். எவ்வளவு செலவாகிறது என்று அறியப் போதாது.

இரண்டாவது, நான் முதலில் பரிந்துரைப்பது. சாதாரணச் சாக்கெட்டில் செருகும், மாறுமின்னழுத்தத்தையே வெளியிடும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். 9 வோல்ட் வெளியீடு உள்ளது பொருத்தமாக இருக்கும். அது நேர்மின்னழுத்தம் தரும் அடாப்டராக இருக்கக் கூடாது, ஏனெனில் நமக்கு வேண்டியது அலையின் வடிவமும் நேரமும். இரண்டு தடைகளைக் கொண்டு அவ்வெளியீட்டைப் பகுத்து, மைக்ரோகன்ட்ரோலரின் எல்லைக்குள் கொண்டுவரலாம். டிரான்ஸ்ஃபார்மர் மின்வழியிலிருந்து முழுக் காப்புப் பிரிப்பைத் தருகிறது. எந்தக் கம்பியையும் தொட வேண்டிய தேவை எழுவதில்லை.

மூன்றாவது, அருகில் சாக்கெட்டே இல்லாதபோது. காப்புறைக்கு மேல் செப்புத் தகடு ஒன்றைச் சுற்றினால், உள்ளிருக்கும் கடத்தியும் அத்தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. அதன் மதிப்பு சில பிக்கோஃபாரட்டுகள்தாம். தகட்டுக்கும் சுற்றின் பொதுப் புள்ளிக்கும் இடையே நாம் அறிந்த மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் மின்னழுத்தப் பகுப்பி உருவாகிறது. கம்பியுடனான தேக்கம் 10 பிக்கோஃபாரட், நாம் சேர்ப்பது 10 நானோஃபாரட் என்றால், 230 வோல்ட் ஆயிரத்தில் ஒரு பங்காக, ஏறத்தாழ 0.23 வோல்ட்டாக வந்து சேரும். 50 ஹெர்ட்ஸில் 10 நானோஃபாரட்டின் எதிர்ப்பு சுமார் 318 கிலோ ஓம் ஆகையால், அதைப் படிக்கும் பெருக்கியின் உள்ளீட்டுத் தடை அதைவிடப் பன்மடங்கு இருக்க வேண்டும். அத்தடை 10 மெகா ஓம் ஆக இருந்தால்கூட அலை சுமார் 1.8 பாகை முந்திவிடும்.

இந்த வழியின் உண்மையான குறை வேறொன்று. தகட்டுக்கும் கடத்திக்கும் உள்ள தேக்கம் காப்புறையின் தடிமனையும் பொருளையும், தகட்டின் இறுக்கத்தையும், ஈரத்தையும் பொறுத்து மாறுகிறது. எனவே அலையின் வடிவத்தையும் நேரத்தையும் இது நன்றாகத் தரும். அளவை மட்டும் இதன் சொல்லை நம்பி ஏற்க முடியாது. ஒருமுறை நம்பகமான வோல்ட்மீட்டருடன் ஒப்பிட்டு அளவைத் திருத்திக்கொண்டு, பிறகு தகட்டை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். சுற்றின் பொதுப் புள்ளிக்கும் ஓர் ஆதாரம் வேண்டும் என்பதால் நியூட்ரல் கம்பியிலும் மற்றொரு தகட்டைச் சுற்றுவதும், அக்கம்பக்கக் கம்பிகளின் மின்புலம் கலக்காதபடி தகட்டின் மேல் கவச உறை ஒன்றை அமைப்பதும் வழக்கம்.

ஐந்தாம் படி: பெருக்குதல்

இரண்டு சமிக்ஞைகளையும் ஒரு சுழற்சிக்குப் பல பத்து முறையாவது மாதிரி எடுத்து, ஒவ்வோர் இணையையும் பெருக்கிக் கூட்டி, மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மெய்த்திறன் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லி நொடி. சராசரி எடுக்கும் காலம் அதன் முழு மடங்காக இருக்க வேண்டும். அரைகுறையாக முடியும் காலத்தின் மீது சராசரி எடுத்தால் வாசிப்புக் காரணமின்றி அலைபாயும். நடுநிலைக்காகச் சேர்த்த 1.65 வோல்ட்டையும் பெருக்குவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்கள் இரண்டு உள்ளீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே படிக்கின்றன. இடையில் 100 மைக்ரோ நொடி கழிந்தால், 50 ஹெர்ட்ஸில் அது 1.8 பாகை விலகல். சி.டி.யும் தன் பங்குக்கு உண்மையான மின்னோட்டத்தைவிடச் சற்று முந்திய அலையைத் தருகிறது. இவை சேர்ந்து 2 பாகைப் பிழை உண்டாவதாகக் கொண்டு விளைவைப் பார்ப்போம். ஹீட்டரில் மெய்த்திறன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. திறன் காரணி 0.5 உள்ள மோட்டாரிலோ கோணம் 60 பாகைக்குப் பதில் 58 ஆகப் பதிவாகிறது. 58 பாகையின் கொசைன் 0.53. அதாவது 6 சதவீதம் கூடுதல். ஹீட்டரை மட்டும் வைத்துச் சோதித்தவர் தன் கருவி துல்லியமானது என்று நம்பிவிட்டு, மோட்டாரில் தவறான எண்களைக் குறித்துக்கொண்டிருப்பார். கட்டப் பிழை திறன் காரணி நன்றாக உள்ள சுமையில் மறைந்துகொள்வதால்தான் அதைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது.

ஆறாம் படி: அளவுதிருத்தம்

வரிசை முக்கியம். முதலில் மின்னழுத்தத்தை நம்பகமான மீட்டருடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அடுத்து, ஹீட்டர் போன்ற தூய மின்தடைச் சுமை ஒன்றை இயக்கி, நல்ல கிளாம்ப் மீட்டருடன் ஒப்பிட்டு மின்னோட்டத்தைத் திருத்த வேண்டும். மூன்றாவதாகக் கட்டக் கோணம். மின்தடைச் சுமையில் வாட் எண்ணைப் பார்த்துக் கோணத்தைத் திருத்த முயன்றால் பயன் இராது. அது அசையவே அசையாது என்பதை மேலே பார்த்தோம். மாறாக, எதிர்வினைத் திறனைக் (மூலத்திற்கும் சுமைக்கும் இடையே போய்த் திரும்பும், வேலை செய்யாத திறன்) கணக்கிட்டுப் பார்த்தால், மின்தடைச் சுமையில் அது பூச்சியமாக இருக்க வேண்டும். 2 பாகை விலகினாலே மெய்த்திறனில் 3.5 சதவீத அளவுக்கு அது தலைகாட்டும். மின்னழுத்த மாதிரிகளைச் சிறிதளவு முன்னோ பின்னோ நகர்த்தி, அந்த எண்ணைப் பூச்சியத்திற்குக் கொண்டுவந்தால் கோணம் சரியாகிவிட்டது.

சி.டி.யின் கட்டப் பிழை குறைந்த மின்னோட்டத்தில் மிகும் என்பதால், வழக்கமாக ஓடும் சுமைக்கு அருகிலான ஒரு மின்னோட்டத்தில் இத்திருத்தத்தைச் செய்வது நல்லது. கடைசியாக, கம்பியில் மின்னோட்டமே இல்லாதபோது கருவி என்ன காட்டுகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆம்பியர் எண் பூச்சியத்திற்கு இறங்காமல் சிறிது நிற்கும், ஏனெனில் இரைச்சலும் வர்க்கத்தில் சேர்ந்துவிடுகிறது. வாட் எண்ணில் மின்னழுத்த அலையோடு ஒத்துப்போகாத இரைச்சல் சராசரியில் கரைந்துவிடுவதால், சிறு சுமைகளில் ஆம்பியரைவிட வாட்டையே நம்பலாம்.

மும்முனையும் நேர்மின்னோட்டமும்

நியூட்ரல் உள்ள நான்கு கம்பி மும்முனை அமைப்பில் மூன்று மின்னோட்ட உணரிகளும் மூன்று மின்னழுத்தங்களும் வேண்டும். நியூட்ரல் இல்லாத மூன்று கம்பி அமைப்பில் இரண்டு போதும். ஒவ்வோர் உணரியும் தனக்குரிய பேஸின் மின்னழுத்தத்துடனேயே இணைசேர வேண்டும். மாறி இணைந்தால், மின்தடைச் சுமையில்கூட அந்தப் பேஸ் உண்மைத் திறனில் பாதியை எதிர்க்குறியுடன் காட்டும், ஏனெனில் 120 பாகையின் கொசைன் மைனஸ் 0.5. இந்தப் பாதி எதிர்க்குறியைக் கண்டால் உணரியைத் திருப்பி மாட்டித் திருத்த முயலாமல், இணைகளைச் சரிபார்க்க வேண்டும்.

நேர்மின்னோட்டத்தில் கட்டக் கோணம் என்ற சிக்கல் இல்லை. ஆனால் ஹால் கிளாம்பின் பூச்சியம் வெப்பநிலையாலும் உள்ளகத்தில் தங்கிய காந்தத்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். கம்பியின் அருகில், அளக்கப்போகும் அதே திசையில் கிளாம்பைப் பிடித்துக்கொண்டு, கம்பியைக் கவ்வாமல், பூச்சியப் பொத்தானை அழுத்திய பிறகே கவ்வ வேண்டும். மேலே சொன்ன செப்புத் தகட்டு முறை நிலையான நேர்மின்னழுத்தத்திற்குச் செல்லாது. சார்ஜ் கன்ட்ரோலரின் திரையிலோ பேட்டரிக் கண்காணிப்பியிலோ தெரியும் மின்னழுத்தத்தைக் கொண்டு பெருக்குவதே எளிய வழி.

ஏழாம் படி: மின்மீட்டரைக் கொண்டு சரிபார்த்தல்

மின்னணு மின்மீட்டரின் முகப்பில் சிமிட்டும் சிறு விளக்கு ஒன்று இருக்கும். அருகிலேயே, ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண் 3200 எனில், ஒரு சிமிட்டல் என்பது 36,00,000 ÷ 3200, அதாவது 1125 ஜூல். இரண்டு சிமிட்டல்களுக்கு இடையே 2.25 நொடி கழிந்தால் மின்திறன் 500 வாட். ஒரு சிமிட்டலில் பூச்சியம் என்று எண்ணத் தொடங்கி, பத்து என்று எண்ணும் வரையிலான நேரத்தைக் குறித்து, பத்தால் வகுத்தால் கைக்கடிகாரத்தின் பிழை சுருங்கிவிடும். ஒளியுணரி ஒன்றை அவ்விளக்கின் மேல் ஒட்டிவைத்தால் இதுவே தனித்த அளவீட்டு முறையாகவும் ஆகும். கட்டடம் முழுவதற்குமான மொத்தத் திறன் மட்டும் போதும் என்போருக்கு இதைவிடச் சிக்கனமானதும் பிழையற்றதும் இல்லை.

கிளாம்ப் அமைப்பை இதனோடு ஒப்பிடும்போது இரண்டு சுமைகளில் ஒப்பிட வேண்டும்: ஹீட்டர் ஓடும்போது ஒருமுறை, மோட்டார் ஓடும்போது ஒருமுறை. இரண்டிலும் ஒரே சதவீதம் விலகினால் மின்னழுத்தத்தின் அளவோ மின்னோட்டத்தின் அளவோ திருத்தப்பட வேண்டும். ஹீட்டரில் ஒத்துப்போய் மோட்டாரில் விலகினால் குற்றம் கட்டக் கோணத்தில் இருக்கிறது. மிகச் சிறிய சுமையில் மட்டும் விலகினால் தாடையைத் திறந்து, முகங்களைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் விலகல் நீடித்தால், அந்தச் சி.டி. அளக்கும் சுமைக்கு மிகப் பெரியது, குறைந்த ஆம்பியருக்கு உரியதை மாற்ற வேண்டும்.